ஒரு பரிமாணத்தில் உருவாகும் மூலக்கூறுகள்

மீக்குளிர் வாயுவின் வெப்பநிலை, தனிச்சுழியான மைனஸ் 273.15 டிகிரி செல்சியசுக்கு மேலே ஒரு டிகிரியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்கும் கீழேயோ இருக்கும். முதலில் லேசர் ஒளி அணுக்களின் வேகத்தைத் தணிக்கிறது. பிறகு வேகம் மிகுந்த அணுக்கள் மட்டும் வெளியேற விடப்படுகின்றன. எஞ்சியவை இன்னும் குளிர்ந்து, அலைகளாக நடந்துகொள்கின்றன. சத்தியேந்திர நாத் போஸின் 1924ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தொடர்ந்து ஐன்ஸ்டைன் கணித்த, அணுக்கள் ஒரே அலைபோல ஒன்றுசேரும் ஒடுக்கநிலை, 1995இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் ருபிடியம் வாயுவில் கைகூடியது.

எதிரெதிராக வரும் லேசர் கற்றைகள் சேருமிடத்தில் ஒளி வலுத்தும் மங்கியும் மாறி மாறி அமையும். அணுக்கள் அந்த வரிசையில் சிக்கும். ஒரு திசையில் இப்படிச் செய்தால் வாயு தட்டையான அடுக்குகளாகப் பிரிகிறது. இது இருபரிமாண வாயு. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் செய்தால் மெல்லிய குழாய்கள் கிடைக்கின்றன. குறுக்கே அசையப் போதிய ஆற்றல் இல்லாத அணுக்கள் நெடுக மட்டுமே நகரும். இது ஒருபரிமாண வாயு.

அணுக்களை இப்படிக் குறுகிய இடத்தில் அடைப்பது அவற்றின் பிணைப்பு விதியையே மாற்றிவிடுகிறது. முப்பரிமாண வெளியில் இரண்டு அணுக்கள் பிணைவதற்கு ஈர்ப்பு ஒரு குறைந்தபட்ச வலிமையைத் தாண்ட வேண்டும். ஒரு பரிமாணத்தில் எவ்வளவு மெலிந்த ஈர்ப்பும் போதும். அடைப்பின் அகலம் மோதலின் வலிமையோடு பொருந்தும்போது எழும் ஒத்திசைவை மாக்சிம் ஓல்ஷானி 1998இல் கணித்தார். 2005இல் சூரிக் நகரில் தில்மன் எஸ்லிங்கரின் குழு பொட்டாசியம்-40 அணுக்களைக் குழாய்களில் அடைத்து, காந்தப்புலத்தால் ஈர்ப்பின் அளவை மாற்றிப் பார்த்தது. திறந்த வெளியில் பிணையவே முடியாத நிலையிலும் மூலக்கூறுகள் உருவாயின.

பிணைப்பில் வெளிப்படும் ஆற்றல் எங்கே போகும்? வழக்கமாக மூன்றாவது அணு ஒன்று அதை வாங்கிச் செல்ல வேண்டும். ஒளிக்குழாய்களில் அது தேவைப்படுவதில்லை. அடைப்பின் வடிவம் சீரான பரவளையத்திலிருந்து சற்று விலகியிருப்பதால், ஜோடியின் உள்ளசைவும் மொத்த அசைவும் ஒன்றோடொன்று இணைகின்றன. மிச்ச ஆற்றல் மொத்த அசைவுக்குப் போய்விடுகிறது. 2013இல் ஹைடல்பர்கில் இரண்டே லித்தியம்-6 அணுக்களைக் கொண்டு இது நிறுவப்பட்டது.

உருவான மூலக்கூறைக் காக்கவும் அடைப்பு உதவும். 2011இல் போல்டரில் பொட்டாசியம்–ருபிடியம் மூலக்கூறுகளைத் தட்டையான அடுக்குகளில் வைத்து, மின்புலத்தால் அடுக்குக்குச் செங்குத்தாக நிறுத்தினார்கள். பக்கவாட்டில் நெருங்கியவை ஒன்றையொன்று விலக்கியதால் வேதிவினை வெகுவாகக் குறைந்தது. பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவனத்திலும் சோடியம், பொட்டாசியம் அணுக்களின் மீக்குளிர் கலவைகள் ஆராயப்படுகின்றன. வெப்பம், அழுத்தம், வினையூக்கி ஆகியவற்றோடு, அணுக்கள் இருக்கும் இடத்தின் வடிவமும் வேதிவினையை ஆளும் கருவியாகிவிட்டது.