கட்டளையில்லாமல் ஓடும் லொறி

கரவெட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மகனுக்கு வாங்கிக் கொடுத்த றிமோட் கார், முற்றத்தில் இவர் மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணும் போதெல்லாம் தன்பாட்டில் துடித்து மூக்கைத் திருப்புகிறதாம். கடைக்காரர், "அது பிழைச் சாமான், வேற வாங்குங்கோ" என்று சொல்லிவிட்டார். மாமியார் திருநீறு பூசச் சொல்கிறா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

மாமியாரின் வைத்தியத்துக்குச் செலவில்லை என்பதால் கடைக்காரரைவிட அவவுக்கே என் வாக்கு. ஆனால் இந்தக் கடிதம் வந்த நேரத்தில் என் மேசையிலும் ஒரு லொறி கவிழ்ந்து கிடந்தது. அதன் கதையைச் சொன்னால் அவருக்கும் பதில் கிடைத்துவிடும்.

நீல முகமும் மஞ்சள் பெட்டியும் கொண்ட, ஒரு சாணுக்குச் சற்றுக் கூடிய விளையாட்டு லொறி. 1990 சித்திரையில் சித்தப்பா சவூதியிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்தது. எனக்கு எட்டு வயது. றிமோட்டில் ஒரேயொரு சிவப்புப் பொத்தான். இன்றைய பிள்ளைகளுக்கு அது விளங்காது. என் மகளுக்கும் விளங்கவில்லை. போன மாதம் முதன்முதலாக லொறியின் ஆளியைப் போட்டபோது அது விறாந்தையில் நேரே ஓடிச் சுவரில் முட்டி நின்றுகொண்டே சில்லைச் சுழற்றியது.

"அப்பா, நான் ஒண்டும் அமத்தேல்லையே. ஏன் போகுது?"

அதுதான் அதன் இயல்பு. பொத்தானை அமத்தாவிட்டால் முன்னே போகும். அமத்தினால் பின்னே வரும். பின்னே வரும்போது, நடுவில் ஆணியடித்ததுபோல் பொருத்திய முன்னச்சு ஒரு பக்கம் சரிந்துவிடும். அதனால் லொறி வளைந்து பின்வாங்கும். பொத்தானை விட்டால் அச்சு நிமிர, புதிய திசையில் மறுபடி முன்னே. சுக்கான் மோட்டார் கிடையாது, இரண்டாவது பொத்தானும் கிடையாது. ஒரே பக்கம்தான் திரும்பும் என்பதால், மற்றப் பக்கம் போக வேண்டுமென்றால் மூன்று தரம் பின்வாங்க வேண்டும். ஒரு கட்டளையை வைத்துக்கொண்டு ஒரு வண்டியை எங்கும் கொண்டுபோகலாம் என்று யோசித்த அந்தப் பெயர் தெரியாத பொறியியலாளருக்கு நான் கும்பிடு போடுவேன்.

லொறியோடு வந்த பற்றறிகள் ஆனி மாதம்வரை நின்றன. அந்த ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பெற்றோலோடு பற்றறியும் வந்தது. எங்கேயாவது ஒரு சோடி அகப்பட்டால் அது றேடியோவுக்கு. செத்த பற்றறியை வெயிலில் காயவைத்தும், துளைபோட்டு உப்புத் தண்ணீர் விட்டும் தமிழோசை கேட்ட ஊர் இது. அதுவும் முடிந்த பிறகு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வெரித்தாஸ் கேட்டோம். சுற்றுகிற வேலை எப்போதும் வீட்டில் சின்னவனுக்கு. எங்கள் வீட்டில் அது நான்.

ஒருநாள் செய்தி முடிந்த பிறகு அப்பா அந்த டைனமோ வயரை லொறிக்குக் கொடுத்துப் பார்த்தார். லொறி உறுமியதே தவிர அசையவில்லை. டைனமோ தருவது ஆடலோட்டம். முன்னே தள்ளிய கணமே பின்னே இழுக்கும். பழுதான றேடியோவொன்றிலிருந்து நாலு இருவாயிகளைக் கழற்றிப் பற்றவைத்தார், நேரோட்டமாக மாறியது. 6 வோல்ற், 3 வாற் டைனமோவுக்கும் நாலு பற்றறி லொறிக்கும் பொருத்தம் பார்த்தது போல அமைந்தது. வயர் எட்டிய மட்டும் லொறி ஓடியது. நான் சுற்ற அக்கா பார்ப்பா, அக்கா சுற்ற நான் பார்ப்பேன். றிமோட்டுக்கு வேண்டிய 9 வோல்ற் பற்றறிக்கு வழியேயில்லை. கட்டளையில்லாமலே ஓடும் லொறி என்பதால்தான் எங்களுக்கு அது விளையாட்டுச் சாமானாக இருந்தது. இரண்டு பொத்தான் லொறியாக இருந்திருந்தால் அலுமாரியில் பொம்மையாகவே இருந்திருக்கும்.

இனிக் கரவெட்டிக் கதைக்கு வருவோம். எங்கள் ஒழுங்கையில் ஒரு ஒஸ்ரின் ஏ40 இருந்தது. ஸ்ராட் பண்ண மட்டும் ஒரு மூடி பெற்றோல், பிறகு ஓட்டம் முழுக்க மண்ணெண்ணெய். புகையும் மணமும் வந்த பிறகுதான் கார் வரும். அது எங்கள் படலையைக் கடக்கும்போது லொறி நின்று, துடித்து, ஒரு முழம் பின்வாங்கும். கார் போனதும் பழையபடி முன்னே. றிமோட் வேலை செய்யாத அந்த நாட்களில் எங்களுக்கிருந்த றிமோட் அந்த ஒஸ்ரின்தான். கார் வரும் நேரம் பார்த்து டைனமோ சுற்றியிருக்கிறோம்.

காரணம் இரண்டு பக்கமும் இருக்கிறது. பெற்றோல் எஞ்சின் எதிலும் பிளக்கில் பொறி பறக்கிறது. பொறி பறந்தால் றேடியோ அலை பிறக்கும். ஆரம்பத்தில் மனிதர் கம்பியில்லாமல் செய்தி அனுப்பியதே பொறியால்தான். 1912இல் டைட்டானிக் உதவி கேட்டுக் கூப்பிட்டதும் பொறிக் கருவியில். ஆகவே ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் ஒரு குட்டி மார்க்கோனி நிலையம். ஆனால் அது எந்த மீடிறனில் பேசுகிறது என்றால், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். சந்தையில் கத்துகிறவனைப் போல.

மற்றப் பக்கம்தான் எனக்குப் பிடித்த பக்கம். லொறியின் வயிற்றைத் திறந்தால், தீப்பெட்டியளவு பலகையில் அலையைப் பிடிக்கிற வேலை முழுவதையும் ஒரேயொரு திரான்சிற்றர் செய்கிறது. நல்ல றேடியோவில் இதற்கு ஒரு பட்டாளமே வேண்டும். ஒன்று எப்படிச் சமாளிக்கிறது?

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரரைக் கவனித்திருப்பீர்கள். மைக்கின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் "கூ..." என்று ஊளையிடத் தொடங்கும். பெட்டியில் வந்த சத்தமே மைக்குக்குள் திரும்பிப் போய், மறுபடி பெருகி வருவதால் வரும் வினை. ஆனால் ஊளைக்குச் சற்று முன், அந்த விளிம்பில், மைக் அபாரமான செவியுடையதாக இருக்கும். மூலஸ்தானத்தில் ஐயரின் முணுமுணுப்பும் தேர்முட்டியில் கேட்கும். அந்த விளிம்பில் நிற்பதுதான் கஷ்டம். கை கொஞ்சம் அசைந்தால் ஊளை.

எட்வின் ஆர்ம்ஸ்ட்ரோங் என்ற அமெரிக்கர் 1922இல் இதற்கு ஒரு குறும்பான தீர்வு கண்டார். விளிம்பில் நிற்க முயலாதே, ஊளையிட விடு, ஆனால் ஊளை முழுக்க எழும்பு முன்னம் கழுத்தை நெரி. பிறகு மறுபடி விடு, மறுபடி நெரி. நொடிக்குப் பல பத்தாயிரம் தடவை. ஒவ்வொரு தடவையும் ஊளை ஏதோவொரு சின்ன விதையிலிருந்துதான் முளைக்க வேண்டும். வெளியே அலை எதுவும் இல்லாதபோது பலகையின் சொந்த இரைச்சலே விதை. அலை வந்தால் அது பெரிய விதை, ஊளை முந்திக்கொண்டு எழும்பும். அந்த முந்தலை அளந்தால் போதும், அலை வந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஆர்.சி.ஏ. நிறுவனம் இந்தக் காப்புரிமையைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியது. வீட்டு றேடியோவுக்கு அது உதவவில்லை. காரணம், இந்தக் காதுக்கு ஆளறியத் தெரியாது. பக்கத்து மீடிறனில் பேசுகிறவனையும் தன்னோடு பேசுவதாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரில், நம் விமானமா எதிரி விமானமா என்று ராடாருக்குப் பதில் சொல்லும் கருவிகளில் இது சேவை செய்தது. பிறகு பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்தது. 27 மெகாஹேட்ஸில் ஓடும் மலிவான விளையாட்டுக் கார்களில் இன்றைக்கும் அந்த 1922ஆம் ஆண்டுக் காதுதான். 2.4 கிகாஹேட்ஸில் ஓடும் புதிய வகைகள் தங்களுக்குள் ஒரு குறிப்பெண்ணைப் பரிமாறிக்கொண்டு மற்ற யாருக்கும் செவிகொடுக்காதவை.

கேட்கவும் செய்யலாம். பலகையில் அந்தத் திரான்சிற்றருக்குப் பின்னால் வரும் இடத்தில் ஒரு சின்னக் கொள்ளளவியூடாகப் பழைய கணினி ஸ்பீக்கர் ஒன்றைத் தொடுத்து, மகளின் காதருகே பிடித்தேன். பனையோலைக் கூரையில் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல்.

"இப்ப றிமோட்டை அமத்துங்கோ" என்றேன்.

அமத்தினாள். மழை நின்றது. விட்டாள். பெய்தது.

"சத்தம் வரும் எண்டல்லோ நினைச்சன்" என்றாள். கட்டளை வந்துசேர்வது இந்தக் காதுக்கு ஒரு மௌனம். அன்றைக்கு அவள் அதை ஐம்பது தரமாவது செய்து பார்த்தாள். தம்பிக்கு முறை கொடுக்கவில்லை என்று வீட்டில் வழக்கும் நடந்தது.

அந்த றிமோட் லொறியோடு வந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1995 ஐப்பசி 30 இரவு நாங்கள் வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலம் தாண்டிப் போனபோது லொறி உரப்பையில் உடுப்புகளுக்கு நடுவே வந்தது. றிமோட் வீட்டில் நின்றுவிட்டது. அடுத்த சித்திரையில் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலைகளே இல்லை, றிமோட்டை யார் தேடுவது. இப்போது பாவிப்பது, உடைந்துபோன வேறொரு காரின் றிமோட். ஆளறியத் தெரியாத காது என்று குறைசொன்னேன் அல்லவா, அந்தக் குறைதான் இங்கே கைகொடுத்தது. 27 மெகாஹேட்ஸில் யார் கூப்பிட்டாலும் லொறி ஏற்றுக்கொள்கிறது. முதலில் பத்தடிக்குள்தான் கேட்டது. பலகையிலுள்ள சுருளின் நடுவே ஒரு கருமையான திருகு இருக்கும். இரும்புத் திருகாணியால் அதைத் தொட்டால் தொட்ட மாத்திரத்தில் மீடிறன் மாறிவிடும். பனைமட்டைச் சிராம்பு ஒன்றைத் தட்டையாகச் சீவி, அதனால் முக்கால் சுற்றுத் திருப்பினேன். இப்போது படலைவரை கேட்கிறது.

மற்றத் திருத்த வேலைகளில் புதினமில்லை. பல்லுச் சில்லுகளில் கட்டிபட்ட கிறீஸைச் சுரண்டிப் புதிது வைத்தேன், வெடித்த ரயருக்குப் பதில் சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்டிப் போட்டேன். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பற்றறிப் பெட்டிக்குள் பூத்திருக்கும் கறலுக்கு எல்லாரும் தேசிக்காய்ப் புளி தேய்க்கிறார்கள். அல்கலைன் பற்றறி கசிந்தால் அது சரி, அந்தக் கசிவு காரம், புளி அதை முறிக்கும். ஆனால் மலிவான பழைய வகைப் பற்றறியின் கசிவு அமிலம். அதற்குப் புளி விட்டால் எரிகிற வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றியது போல. அதற்கு அப்பச்சோடாவைக் கரைத்துத் தேய்க்க வேண்டும். என் லொறியில் இருந்தது இரண்டாவது வகை. 2002 சமாதான காலத்தில் ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பற்றறியைக் கழற்ற மறந்த குற்றம் என்னுடையது.

கழற்றிய பற்றறியை என்ன செய்கிறோம் என்பது பற்றி எனக்குக் கோபம் உண்டு. ஒரு சோடி பற்றறிக்குத் தவம் கிடந்த அதே ஊரில் இப்போது வேலியோரத்துக் குப்பையோடு போட்டுக் கொளுத்துகிறோம். நமக்கு ஆறில்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஆறு. காலுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் துளையுமான சுண்ணாம்புக்கல், அதற்குள் நிற்கிற தண்ணீர்தான் கிணற்றுக்கு வருகிறது. மேலே ஊற்றியது கீழே போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை மறந்துவிட்டோமா? பழைய ரீசார்ஜ் பற்றறிகளில் கட்மியம் இருக்கிறது, புகையிலும் சாம்பலிலும் அது அழிவதில்லை. ஒரு போத்தலில் போட்டு மூடி வையுங்கள். சேர்க்கிறவர்கள் வரும்வரை அது போத்தலிலேயே இருக்கட்டும்.

இன்னொரு கோபம், திருகாணி இல்லாத விளையாட்டுச் சாமான்களின் மேல். ஒட்டி மூடிவிடுகிறார்கள். உடைத்துத்தான் திறக்கலாம். திறந்தால் உள்ளே பெரும்பாலும் அறுந்த வயர் ஒன்று, இரண்டு நிமிட ஈயப்பற்று வேலை. முன்பு ஒவ்வொரு சந்தியிலும் ஒரு றேடியோ திருத்துகிறவர் இருந்தார். அவர்கள் இருந்த கடைகளில் இப்போது போன் உறை தொங்குகிறது. கரவெட்டிக் கடைக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை. விற்க மட்டும் தெரிந்தவரிடம் திருத்தக் கேட்டது நம் பிழை.

ஆகவே கரவெட்டி வாசகருக்கு. காரை எறிய வேண்டாம். வாலாகத் தொங்கும் ஏரியல் வயரைச் சுருட்டி உள்ளே திணிக்காமல் நீட்டி விடுங்கள். 27 மெகாஹேட்ஸ் அலையின் நீளம் பதினொரு மீற்றர், அதற்கு அந்த ஒரு முழ வயரே போதாது, அதையும் சுருட்டினால் றிமோட்டின் குரல் மெலியும், பொறியின் குரல் மேலோங்கும். கார் மோட்டாரின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே 104 என்று அச்சிட்ட கொள்ளளவி ஒன்றைப் பற்றவையுங்கள், அதன் சொந்தப் பொறியும் அடங்கும். அதற்குப் பிறகும் துடித்தால் உங்கள் மோட்டார் சைக்கிளைப் பாருங்கள். பிளக்கின் தொப்பிக்குள் பொறியின் இரைச்சலை அடக்க 5 கிலோ ஓம் தடை ஒன்று இருக்க வேண்டும். யாரோ மலிவுத் தொப்பி மாட்டியிருப்பார்கள். பிழை காரில் இல்லை. தொப்பியை மாற்றுங்கள்.