வேலியும் கொல்லையும்: நாட்டுச் செடிகளால் பட்சிகளையும் நற்பூச்சிகளையும் மீட்டல்

கொங்கு நாட்டு மேட்டு நிலங்களில் வேலி என்றால் பெரும்பாலும் கிளுவை வேலியையே குறிக்கும். கரூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் ஜில்லாக்களில் கொறங்காடு என்று வழங்கும் மேய்ச்சல் நிலங்கள் கிளுவை வேலியால் சூழப்பட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் உடையனவாய் இருக்கின்றன. காங்கேயம் மாடுகள் இக்காடுகளில் மேய்ந்தே பேர் பெற்றன. மாட்டை உள்ளே நிறுத்துவதற்காகவே இவ்வேலி வைக்கப்பட்டதாயினும், அதன் முட்களுக்கிடையே கௌதாரியும் சிறு குருவிகளும் ஓணானும் கீரியும் தேனீக்களும் அடைக்கலம் புகுந்து வாழ்ந்து வந்தன. குடியானவர் அதற்கெனத் தனியாய் எதுவும் செலவழித்ததில்லை.

நகரங்களை அடுத்த கிராமங்களில் இந்நிலை மாறி வருகிறது. புன்செய்கள் வீட்டுமனைகளாய்ப் பிரிக்கப்படும்போது, பல தலைமுறை வளர்ந்த வேலி இயந்திரத்தால் ஒரே நாளில் பெயர்த்தெறியப்படுகிறது. அவ்விடத்தில் கற்கால்களும் முள்கம்பியும், அல்லது சுவரும் எழுகின்றன. கொல்லையில் பாதிக்குச் சிமெண்டுத் தளம் போட்டு, எஞ்சிய இடத்தில் குரோட்டன்ஸும் காகிதப்பூவும் வைப்பது வழக்கமாகிவிட்டது. இவ்வாறு செய்த வீடுகளில் குருவிகளின் சப்தம் அடங்குகிறது. ஆனால் கத்தரியிலும் வெண்டையிலும் புழு மட்டும் குறைவதில்லை. இதன் காரணத்தையும், சிறு செலவில் செய்யக்கூடிய பரிகாரத்தையும் கீழே காண்க.

செடிக்கும் பூச்சிக்கும் உள்ள சம்பந்தம்

ஒவ்வொரு செடியும் தன் இலையைக் காத்துக்கொள்ளப் பாலையோ, கசப்பையோ, காரத்தையோ, விஷத்தையோ உண்டாக்கி வைத்திருக்கிறது. நெடுங்காலம் அச்செடியோடு கூட வாழ்ந்து பழகிய பூச்சிகளே அதைத் தின்று ஜீரணிக்கும் சக்தி பெற்றிருக்கின்றன. எருக்கம் பாலுக்கு ஆடும் மாடும் அஞ்சி விலகுகின்றன. ஆனால் செம்மஞ்சள் இறக்கையுள்ள ஒருவகைப் பட்டுப்பூச்சியின் புழு எருக்கிலையையே தின்று வளர்கிறது. ஆவாரையிலும் சரக்கொன்றையிலும் வெளிர்மஞ்சள் பட்டுப்பூச்சிகளின் புழுக்கள் வளர்கின்றன. ஆடுதீண்டாப்பாளையின் கசப்பு ரோஜாநிற உடலுள்ள கறுத்த பட்டுப்பூச்சியின் புழுவுக்கு ஆகாரமாகிறது. அயல்நாட்டிலிருந்து புதிதாய் வந்த செடிகளில் பெரும்பாலானவற்றை இந்நாட்டுப் பூச்சிகள் தொடுவதில்லை.

இதனால் விளையும் பலனைத் தென்னிந்தியக் குடியானவர்கள் சப்பாத்திக் கள்ளியில் முன்னமே கண்டிருக்கின்றனர். அமெரிக்காவிலிருந்து வந்த அக்கள்ளியைத் தின்னும் பூச்சி இங்கே இல்லாமையால், அது வேலிகளையும் புறம்போக்குகளையும் கடந்து விளைநிலங்களையும் பற்றிக்கொண்டது. 1926-ல் கொச்சினீல் என்னும் செதிற்பூச்சி இலங்கையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பின்னரே சில ஆண்டுகளில் அது பெரும்பாலும் அழிந்தது. கத்தியும் நெருப்பும் செய்யாத காரியத்தை, அச்செடிக்கே உரிய பூச்சி செய்து முடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்கும் நிழலுக்கும் என்று அமெரிக்காக் கண்டத்திலிருந்து வருவிக்கப்பட்ட சீமைக் கருவேல் இன்றும் ஏரிகளையும் தரிசுகளையும் மூடிக்கொண்டிருக்கிறது. அதனால் விறகும், ஆட்டுக்குக் காயும், தேனீக்குப் பூவும் கிடைப்பது மெய்யே. ஆயினும் பலவகைப் புல்லும் புதரும் இருந்த இடத்தை ஒரே செடி பிடித்துக்கொள்ளும்போது, அவற்றை அண்டிப் பிழைத்த பிராணிகளுக்கு இடமில்லாமற் போகிறது.

பட்சிகள் திரும்பி வருவதற்கும் புழுக்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும் தானியம் தின்பவையே. எனினும் அவை தம் குஞ்சுகளுக்கு முதலில் ஊட்டுவது மென்மையான புழு பூச்சிகளை. புழுவற்ற கொல்லையில் தானியத்தை எவ்வளவு இறைத்தாலும், வளர்ந்த குருவிகள் வந்து தின்று போகுமேயன்றிக் குஞ்சு பொரித்து வளர்ப்பது கடினம். ஆகவே வேலிச்செடியில் புழு கடித்த இலையை நஷ்டக் கணக்கில் சேர்த்தலாகாது.

பயிருக்கு உண்டாகும் அனுகூலம்

1912-ல் பீகாரைச் சேர்ந்த பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மேஸன், மாக்ஸ்வெல் லெப்ராய் என்னும் இருவர் இந்தியப் பட்சிகளின் ஆகாரத்தைப் பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டனர். பட்சிகளின் இரைப்பையில் இருந்தவற்றை எடுத்து, பூச்சி எவ்வளவு, தானியம் எவ்வளவு, அப்பூச்சிகளில் பயிருக்குத் தீங்கானவை எவை என்று அவர்கள் சோதித்தனர். பட்சியைக் கண்ணால் கண்ட மாத்திரத்தில் நண்பன் என்றோ பகைவன் என்றோ முடிவு கட்டாமல், அது தின்றதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்னும் முறை அன்று முதலே விவசாய சாஸ்திரத்தில் இடம் பெற்றிருக்கிறது.

இவ்வாறு பார்க்குமிடத்து, கரிச்சானும் பனங்காடையும் வண்டு, வெட்டுக்கிளி, புழு முதலியவற்றைப் பிடித்துத் தின்பவை. கடலைச் செடியிலும் துவரையிலும் காய்ப்புழு வரும் காலத்தில், பட்சிகள் வந்து அமரும் பொருட்டு வயலில் குச்சிகள் நட்டு வைக்கும்படி கூறப்படுவது இதனாலேயே. மைனாவும் உண்ணிக்கொக்கும் ஏருக்குப் பின்னே நடந்து புழுக்களைப் பொறுக்குவதை உழவர் யாவரும் அறிவர். கூகை இரவெல்லாம் எலி வேட்டையாடுகிறது. இவற்றிற் பல மரப்பொந்துகளில் கூடு வைப்பவை. மரங்கொத்தி குடைந்த பனையில் பிற்பாடு மைனாவும் பனங்காடையும் குடியேறும். பட்டுப்போன பனை ஒன்றை வெட்டாமல் விட்டுவைப்பது பல குடும்பங்களுக்கு வீடு கொடுப்பதற்கு ஒப்பாகும்.

கண்ணுக்கு எளிதில் தென்படாத உதவி இதனினும் பெரிது. பொறிவண்டும் அதன் குஞ்சும் அசுவினியைத் தின்கின்றன. டிரைக்கோகிரம்மா முதலிய சிறு குளவிகள் தீய பூச்சிகளின் முட்டையிலும் புழுவிலும் தம் முட்டையிட்டு அவற்றை அழிக்கின்றன. ஆனால் வளர்ந்த குளவி உயிர் வாழ்வதற்குப் பூந்தேன் வேண்டும். பயிரில் பூ இல்லாத மாதங்களில் வேலியிலும் வரப்பிலும் பூ இருந்தால்தான் இவை அவ்விடத்தை விட்டுப் போகாமல் தங்கும்.

தேர்ந்தெடுக்க வேண்டிய செடிகள்

கொல்லையிலும் வேலியிலும் மரம், புதர், கொடி, பூண்டு ஆகிய நான்கு நிலைகளும் இருத்தல் வேண்டும். ஒரே உயரத்துச் செடிகளை வரிசையாய் வைப்பதால் சிலவகைப் பிராணிகளே வரும்.

வேலிக்கு: வறண்ட மேட்டு நிலங்களில் கிளுவை சிறந்தது, அதனோடு சங்கஞ்செடி, காரை, சூரை ஆகிய முட்செடிகளையும் கலக்கலாம். காரை, சூரைப் பழங்களைப் பட்சிகள் விரும்பும். நன்செய்ப் பாங்கான இடங்களில் நொச்சியும் ஆடாதொடையும் உகந்தவை. ஆடுகள் இவ்விரண்டையும் மேய்வதில்லையாதலால் இளமையில் காவல் தேவையில்லை.

கொடிகளில்: கோவை, பிரண்டை, முடக்கத்தான் ஆகியவற்றை வேலிமேல் படரவிடலாம். கோவைப் பழத்துக்குக் கிளியும் குயிலும் வரும்; மற்ற இரண்டும் வீட்டுச் சமையலுக்கு ஆகும்.

புதர்களில்: ஆவாரை வறட்சியைத் தாங்கும், வருஷத்தின் பெரும்பகுதியில் பூக்கும். அதன் தழை வயலுக்கு உரமாகும். மருதாணியின் பூவைத் தேனீக்கள் நாடும். கொல்லையின் கடைசி மூலையில் ஓர் எருக்கை விட்டு வைத்தால் போதும்.

தரையில்: தும்பை மழைக்குப்பின் தானே முளைத்து, தேனீக்கும் பட்டுப்பூச்சிக்கும் தேன் தருகிறது. களை என்று அடியோடு கொத்திவிடாமல் ஓரங்களில் ஒரு முழ அகலத்துக்கு அதை விட்டு வைக்கலாம்.

மரங்களில்: வேம்பும் புங்கும் எல்லாவிடத்தும் ஏற்றவை. இடம் உள்ளவர்கள் நாவல், இலந்தை, சரக்கொன்றை ஆகியவற்றை வைக்கலாம். கடலோரங்களில் பூவரசும் புன்னையும் நன்கு வரும். ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் பழத்துக்குப் பலவகைப் பட்சிகள் கூடுமாயினும், இவற்றின் வேர் சுவரையும் கிணற்றையும் பிளக்குமாதலால் வீட்டருகே வையாமல் ஊர்ப்பொதுவிலும் ஏரிக்கரைக்கு அப்பாலும் வைத்தல் வேண்டும்.

ஐந்து சென்ட் மனை என்பது 2,178 சதுர அடி. அதில் வீடு போக எஞ்சும் சிறு கொல்லையிலும் ஒரு புங்கு, ஒரு கறிவேப்பிலை, இரண்டு ஆவாரை, சுற்றிலும் நொச்சி வேலி, ஓரத்தில் தும்பை ஆகியவற்றுக்கு இடம் உண்டு.

நடவும் பராமரிப்பும்

கிளுவையைப் போத்து நட்டு வளர்ப்பதே வழக்கம். கட்டைவிரல் பருமனுக்குக் குறையாத முற்றிய கிளைகளை, இலை உதிர்ந்திருக்கும் பருவத்தில் வெட்டி, மழைக்கு முன்னரே ஊன்றிவிடுதல் வேண்டும். அடிக்கு ஒன்றாக நட்டால் நூறு அடி வேலிக்கு ஏறக்குறைய நூறு போத்துகள் பிடிக்கும். பட்டுப்போனவற்றின் இடத்தில் மறு வருஷம் புதியவை ஊன்றலாம். நொச்சியும் போத்திலிருந்தே வரும். புங்கையும் வேம்பையும் புதிய விதையால் வளர்ப்பது எளிது. வேப்பவிதை சில வாரங்களுக்குமேல் வைத்திருந்தால் முளைக்கும் சக்தி குன்றும்.

சீமைக் கருவேல் இருக்கும் இடத்தை மாற்றுவதானால், தரைமட்டத்தில் வெட்டினால் மீண்டும் தழைக்குமாதலால் அடிக்கட்டையோடு தோண்டியெடுத்து, அவ்விடத்தில் தாமதமின்றி நாட்டுச் செடிகளை நடுதல் வேண்டும். வெறுமனே விட்ட நிலத்தில் அதன் விதைகள் மறுபடியும் முளைக்கும். உண்ணிச்செடியின் பூவுக்குப் பட்டுப்பூச்சிகள் வருவதுண்டு. எனினும் அதன் இலை மாட்டுக்கு விஷமாதலால் மாடு வைத்திருப்போர் அதை வேலியில் வைத்தலாகாது.

வேலியை முழுவதும் ஒரே சமயத்தில் கழிக்காமல், ஒரு வருஷம் ஒரு பாதியும் மறு வருஷம் மற்றப் பாதியுமாய்க் கழிப்பது நலம். கூடு இருக்கும் கிளையைக் குஞ்சு பறக்கும்வரை விட்டுவைத்தல் வேண்டும். பட்சிகளின் கூட்டையும் முட்டையையும் அழிப்பதும், கிளியைப் பிடித்துக் கூண்டில் வைப்பதும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். வேலிச்செடிகளுக்குப் பூச்சிமருந்து தெளிப்பின், தீய பூச்சியோடு அதைத் தின்னும் பூச்சியும் சாகும். கோடையில் அகலச் சட்டியில் தண்ணீர் வைப்பது நல்லதே. ஆனால் கொசு பெருகாமலிருக்க இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டி மாற்றுதல் அவசியம்.

சொல்லப்படும் ஆட்சேபங்கள்

புதர் இருந்தால் பாம்பு வரும் என்பது முதல் ஆட்சேபம். பாம்பு பெரும்பாலும் எலியைத் தேடியே வருகிறது. சாரைப்பாம்பு விஷமற்றது, எலியை அழிப்பது. ஆயினும் நல்லபாம்பும் விரியனும் உள்ள நாட்டில் இந்த அச்சத்தை அற்பமாய் எண்ணலாகாது. வாசலையும் நடைபாதையையும் சுற்றிப் பத்தடி தூரம் புதரின்றிச் சுத்தமாய் வைத்து, விறகையும் செங்கல்லையும் சுவரோரம் அடுக்காமல், இரவில் விளக்குடன் நடத்தல் வேண்டும். அடர்ந்த வேலி கொல்லையின் எல்லையில் இருக்கட்டும்.

பட்சிகள் கதிரைத் தின்னும் என்பது இரண்டாவது. கம்பும் சோளமும் பால்பிடித்து முற்றும்வரை காவல் தேவை என்பது மெய்யே. அந்தச் சில வாரங்களின் நஷ்டத்தை வருஷம் முழுவதும் அவை பிடிக்கும் புழுக்களோடு சேர்த்துக் கணக்கிடுவதே நியாயம்.

வேலியின் புழு பயிருக்கு வரும் என்பது மூன்றாவது. எருக்கின் பட்டுப்பூச்சிப் புழு மிளகாயையோ கத்தரியையோ தின்னாது. ஆனால் பருத்திக்குத் தீங்கான சில பூச்சிகள் துத்தியில் தங்குவதுண்டு. ஆகவே பருத்தி விளையும் நிலத்தருகே துத்தியை நீக்கிவிடுவதே முறை. எலுமிச்சை, கறிவேப்பிலைக் கன்றுகளில் காணும் பச்சைப்புழுவைக் கையால் பொறுக்கி, வளர்ந்த மரத்தில் விட்டுவிடலாம்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

பொதுவேலியைப் பற்றிய தகராறுகள் பெரும்பாலும் அளவுக்கல் மறைவதால் எழுகின்றன. கல்லைச் சுற்றி இரண்டடி இடம் விட்டு நடும்படி குடிகளுக்கு முன்கூட்டியே சொல்லுதல் வேண்டும். இரு பட்டாதாரர்களும் சம்மதித்து நட்ட வேலி இருவர் நிலத்துக்கும் காவலாகும். தமிழ்நாட்டு அரசாங்கம் அயல்நாட்டு ஆக்கிரமிப்புச் செடிகளை அகற்றி இயற்கை நிலையை மீட்பதற்கான கொள்கை ஒன்றை 2022-ல் வெளியிட்டது. ஏரி, குளம், புறம்போக்குகளில் சீமைக் கருவேலை அகற்றும் வேலை நடக்குமிடங்களில், அகற்றுவதோடு நில்லாமல் அவ்விடத்துக்கேற்ற நாட்டு மரங்களை நடுவதற்கும் ஏற்பாடு செய்தால்தான் வேலை பூர்த்தியாகும். புதிய மனைப்பிரிவுகளில் பழைய கிளுவை வேலி எல்லைக்கோட்டிலேயே இருக்குமாயின், அதைப் பெயர்க்காமல் விட்டுவைக்கும்படி மனை உரிமையாளர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

முள்கம்பி துருப்பிடித்தால் மறுபடியும் பணம் கொடுத்து வாங்க வேண்டும். கிளுவை வேலியோ, இடையில் விழும் சந்துகளுக்குத் தன் கிளையையே போத்தாகத் தரும். ஆயினும் ஒரு நாளில் பெயர்த்த வேலியை மீண்டும் அடர்த்தியாக்கப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை அதில் இருந்த பட்சிகள் காத்திரா. ஆகையால் பழைய வேலி உள்ளவர்கள் அதைக் காப்பதும், இல்லாதவர்கள் வரும் மழைக்கு முன் போத்து ஊன்றுவதும் தக்கதாகும்.