வேலை முடிந்த ராக்கெட்டில் ஓர் ஆய்வுக்கூடம்

நம் பிள்ளைகள் சிலர் செயற்கைக்கோள் செய்ய ஆசைப்படுகிறார்கள். செலவை நினைத்தால் பெற்றோருக்கு மலைப்பு. அதைக் குறைக்கும் வழி ஒன்று, வெதுருகுப்பத்தில் இருக்கும் எனக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. சூளூர்ப்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கிப் போகும் ஸ்ரீஹரிகோட்டா, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது.

செயற்கைக்கோளில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று ஆய்வுக் கருவி. மற்றது அதற்கு மின்சாரம் தந்து, திசை காட்டி, பூமியோடு பேச வைக்கும் அடித்தளம். ரயில்வேயில் ஒரே போகி, ஒரே கூட்டின்மீது ஸ்லீப்பரும் கட்டுவோம், பேன்ட்ரி காரும் கட்டுவோம். அதுபோல, பொது அடித்தளம் இருந்தால் கருவியை மட்டும் செய்தால் போதும்.

பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கு நான்கு அடுக்குகள். செயற்கைக்கோளை இறக்கிவிட்ட நான்காவது அடுக்கு, முன்பெல்லாம் வெறும் குப்பையாகச் சுற்றும். பழைய ரயில் பெட்டியைத் தொழிலாளர் தங்கும் கேம்ப் கோச்சாக மாற்றுவது போல, இஸ்ரோ அதையே அடித்தளமாக்கியது. 2019 ஜனவரியில் சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா மாணவர்கள் செய்த கலாம்சாட், அதில் பொருத்தப்பட்டுப் பறந்தது.

2022 ஜூன் 30-ல் ‘போயம்’ என்ற பெயரில் அது இன்னும் தேறியது. எரிபொருள் தொட்டியைச் சுற்றிச் சூரியத் தகடுகள்; ஆடாமல் நிற்க ஹீலியம் வாயு பீச்சும் குழல்கள். ஆடினால் தகடு சூரியனைப் பார்க்காது, ஆன்டெனா பூமியைப் பார்க்காது. இரண்டு நாள் முன்பு, நியூசிலாந்திலிருந்து கிளம்பிய ‘ஃபோட்டான்’ அடித்தளம், இதே வகைச் சிந்தனையில், 25 கிலோ எடையுள்ள கலத்தைச் சந்திரனை நோக்கி அனுப்பியது.

2024 ஜனவரி 1-ல் சென்ற மூன்றாவது போயத்தில், திருவனந்தபுரம் மகளிர் பொறியியல் கல்லூரி மாணவிகளின் கருவி இருந்தது. வேலை முடிந்ததும் அந்த போயம் அதே ஆண்டு மார்ச் 21-ல் வளிமண்டலத்துக்குள் விழுந்தது; குப்பையும் மிஞ்சவில்லை. 2024 டிசம்பர் 30-ல் சென்ற நான்காவதில் 24 கருவிகள். அதில் காராமணி விதை நான்கே நாளில் முளைவிட்டது!

குறைகளும் உண்டு. ஆயுள் சில மாதங்களே. சுற்றுப்பாதையும் நம் விருப்பப்படி அமையாது. ஆனாலும் கல்லூரி மாணவருக்கு இது போதும். தனியார் கருவிகளுக்கு இடம் தரும் அரசு அமைப்பு, அகமதாபாத்திலுள்ள இன்-ஸ்பேஸ். பிள்ளைகள் முழுச் செயற்கைக்கோளை எண்ணித் தயங்க வேண்டாம். உருப்படியாக ஒரு சிறு கருவி செய்து பழகட்டும்.