புல்மோட்டை மணலும் நிலாவெளி உப்பும்: உயர்தர இரசாயனவியலுக்கு எப்படித் தயாராவது?

திருகோணமலையில் உயர்தரம் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளிடம் எந்தப் பாடம் கஷ்டம் என்று கேட்டால், உயிரியல் பிரிவுப் பிள்ளையும் கணிதப் பிரிவுப் பிள்ளையும் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: இரசாயனவியல். வைத்தியராக விரும்புபவரும் பொறியியலாளராக விரும்புபவரும் இதே வினாத்தாளுக்குத்தான் விடை எழுத வேண்டும். இதில் சறுக்கினால் மற்ற இரண்டு பாடங்களின் உழைப்பும் அடிபட்டுப் போகும்.

நான் ஊடகக் கற்கையில் பட்டம் பெற்றவள். இரசாயன ஆசிரியை அல்ல. ஆனால் மூதூர், சம்பூர், வெருகல் பக்கம் செய்தி சேகரிக்கப் போகும் இடங்களில் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று இது: "டவுனுக்கு ரியூசனுக்கு அனுப்பாமல் இந்தப் பாடத்தைச் சமாளிக்க ஏலாதா தங்கச்சி?" அதற்குப் பதில் தேடிக் கடந்தகால வினாத்தாள்களைப் புரட்டினேன், ஆசிரியர்களோடும் பிள்ளைகளோடும் கதைத்தேன். அதில் விளங்கியதைத்தான் இங்கே தருகிறேன்.

இந்தப் புள்ளிக்கு ஏன் இவ்வளவு கனம்?

எங்கள் சமூகத்துக்குப் பல்கலைக்கழக அனுமதி ஒருபோதும் வெறும் கல்வி விடயமாக இருந்ததில்லை. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், ஒரே பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவரிடம் கூடிய புள்ளி கேட்டது. 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் 2019 ஜூலையில் நீதிமன்றம் விடுவித்தது. இந்த ஊரில் பிள்ளையைப் படிக்க வைப்பது என்பதன் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

இன்று அனுமதி இசட் புள்ளியில் நடக்கிறது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். மூன்று பாடங்களுக்கும் இப்படி வருவதன் சராசரிதான் உங்கள் இசட் புள்ளி. உதாரணத்துக்கு, சராசரி 40, நியம விலகல் 15 என்றால் 55 எடுத்த பிள்ளைக்கு 1 கிடைக்கும். சராசரி 60 ஆக உள்ள இலகுவான பாடத்தில் அதே 1ஐ எடுக்க 75 வேண்டும். ஆகவே எல்லோருக்கும் கஷ்டமான பாடத்தில் கூடுதலாக எடுக்கும் ஐந்து புள்ளியும் வீண் போகாது.

விஞ்ஞானப் பிரிவுகளின் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் நிரப்பப்படுகின்றன. எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. எனவே எங்கள் பிள்ளையின் முதல் போட்டி இதே மாவட்டத்துப் பிள்ளைகளோடுதான்.

வினாத்தாளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

முதலாம் பத்திரம் 50 பல்தேர்வு வினாக்கள், 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை. எனவே எந்த வினாவையும் வெறுமையாக விட வேண்டாம். கணிப்பானுக்கு அனுமதி இல்லை. வீட்டில் கைபேசியில் பெருக்கிப் பழகிய பிள்ளை மண்டபத்தில் தடுமாறுவது இதனால்தான்.

இரண்டாம் பத்திரம் 3 மணித்தியாலம், அதோடு 10 நிமிட வாசிப்பு நேரம். பகுதி ஏயில் நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்கள். நான்கும் கட்டாயம், ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி. பகுதி பியிலும் சியிலும் மும்மூன்று கட்டுரை வினாக்கள்; இவ்விரண்டாக நான்குக்கு எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 150. மொத்தம் 1000.

180 நிமிடத்தை இந்தப் புள்ளிக்கேற்பப் பிரித்தால், அமைப்புக் கட்டுரை ஒன்றுக்கு 18 நிமிடம், கட்டுரை ஒன்றுக்கு 27 நிமிடம். இந்த இரண்டு எண்களையும் படிக்கும் மேசைக்கு மேலே எழுதி ஒட்டி வையுங்கள். விடை தெரிந்தும் நேரம் போதாமல் கடைசிக் கட்டுரையை விட்டுவிடுவதுதான் பெரிய நட்டம்.

எங்கள் மாவட்டமே ஆய்வுகூடம்

பாடத்திட்டத்தில் 14 அலகுகள். கைத்தொழிலும் சூழல் மாசும் கடைசி அலகு. வகுப்பில் அவசரமாக முடிக்கப்படுவதும், பிள்ளைகள் மனப்பாடம் செய்து மறந்துவிடுவதும் இந்த அலகைத்தான். ஆனால் அதில் பாதி எங்கள் கண்முன்னே கிடக்கிறது.

புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலில் இல்மனைட்டு, ரூட்டைல், சிர்க்கோன் ஆகிய கனியங்கள் இருக்கின்றன. இல்மனைட்டு காந்தத்தால் கவரப்படும். மற்ற இரண்டும் கவரப்படா. ரூட்டைல் மின்னைக் கடத்தும், சிர்க்கோன் கடத்தாது. அதனால் அவற்றை மின்புலத்தால் பிரிக்கலாம். பாடத்திட்டத்தில் வரும் குளோரைட்டு முறையில், ரூட்டைலைக் கற்கரியோடு சூடாக்கிக் குளோரீனைச் செலுத்தினால் தைத்தேனியம் நாற்குளோரைட்டு ஆவியாக வரும். அதைக் காய்ச்சி வடித்துத் தூய்மையாக்கி ஒட்சிசனோடு தாக்கமுறச் செய்தால், வர்ணப்பூச்சுக்கு வெண்மை தரும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு கிடைக்கும். வெளிவரும் குளோரீன் திரும்பவும் முதற்படிக்குப் போகும்.

இதிலேயே ஒரு கணிப்பையும் செய்து பார்க்கலாம். இல்மனைட்டில் ஓர் இரும்பு அணு (56), ஒரு தைத்தேனியம் அணு (48), மூன்று ஒட்சிசன் அணுக்கள் (48). கூட்டினால் 152. தைத்தேனியத்தின் பங்கு 48/152, சுருக்கினால் 6/19, ஏறத்தாழ 31.6 வீதம். ரூட்டைலில் 48/80, அதாவது 60 வீதம். கணிப்பான் இல்லாமல் பின்னத்தைச் சுருக்கும் பழக்கம் இப்படித்தான் கைக்கு வரும். மணலை மூலப்பொருளாகவே ஏற்றுமதி செய்கிறோம், பெறுமதி சேர்ப்பது வேறு நாடுகள் என்பதையும் பிள்ளை இதோடு சேர்த்து யோசிக்கும்.

நிலாவெளி உப்பளத்துக்கு வாருங்கள். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள். வெயிலில் நீர் வற்ற, கரைதிறன் குறைந்த கல்சியம் காபனேற்று முதலில் படியும். பிறகு ஜிப்சம். கனவளவு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகும்போதுதான் கறியுப்பு படியத் தொடங்கும். கடைசி நீரையும் வற்ற விட்டால் மகனீசிய உப்புகள் சேர்ந்து உப்புக் கசக்கும். அதனால் அதை அகற்றிவிடுவார்கள். அந்தக் கழிநீரோடு நீறிய சுண்ணாம்பு சேர்த்து மகனீசியம் ஐதரொட்சைட்டை வீழ்படிவாக்குவதுதான் மகனீசியம் பிரித்தெடுப்பின் தொடக்கம். கரைதிறன் பெருக்கம் என்ற பாடத்தை உப்பளப் பாத்தியிலேயே காட்டலாம்.

துறைமுகத்தில் இரும்புக் கப்பலின் அடிப்பகுதியில் நாகக் கட்டிகள் பொருத்துவது ஏன்? நாகத்தின் நியம மின்வாய் அழுத்தம் −0.76 வோல்ட், இரும்பினது −0.44. நாகம் முந்திக்கொண்டு ஒட்சியேறித் தன்னைக் கரைத்து இரும்பைக் காக்கிறது. கதோட்டுப் பாதுகாப்பு என்பது இதுதான். தகப்பன் கடற்றொழிலாளி என்றால் பிள்ளை இதை அவரிடமே கேட்கலாம்.

இணைய வகுப்பும் சொற்குழப்பமும்

தூரக் கிராமத்துப் பிள்ளைகள் பலர் தமிழ்நாட்டு யூடியூப் வகுப்புகளைப் பார்க்கிறார்கள். விளக்கம் நன்றாக இருக்கும், ஆனால் சொற்கள் வேறு. அங்கே வேதியியல், இங்கே இரசாயனவியல். அங்கே ஹைட்ரஜன், இங்கே ஐதரசன். ஆக்சிஜனேற்றம் இங்கே ஒட்சியேற்றம். ஒடுக்கம் இங்கே தாழ்த்தல். கரிம வேதியியல் இங்கே சேதன இரசாயனவியல். துத்தநாகம் இங்கே நாகம். ஒரு கொப்பியில் இரண்டு நிரல் போட்டு இந்தச் சொற்களை எழுதிக்கொண்டே பாருங்கள். விடைத்தாளில் எங்கள் சொல்லையே எழுதுங்கள்.

தேசிய கல்வி நிறுவகத்தின் தமிழ்மொழி வளநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கலாம். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளியிடும் திட்டங்களும் மதிப்பீட்டு அறிக்கைகளும் அதைவிட முக்கியம். எந்தப் படிக்கு எத்தனை புள்ளி, அலகு எழுதாவிட்டால் என்ன போகும், பிள்ளைகள் எங்கே பிழை விடுகிறார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. ஒரு கடந்தகால வினாத்தாளை நேரம் வைத்துச் செய்து, புள்ளியிடும் திட்டத்தோடு தானே திருத்தி, விட்ட பிழைகளை மட்டும் தனிக் கொப்பியில் எழுதுவது, மூன்று வினாத்தாள்களின் விடைகளை வாசித்துப் போவதைவிடப் பயன் தரும். நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து இதைச் செய்தால், நல்ல வகுப்பு எட்டாத இடத்திலும் ஒரு வகுப்பு உருவாகும்.

மழையையும் கணக்கில் எடுங்கள்

முன்பு ஆகஸ்டில் நடந்த பரீட்சை 2024இல் நவம்பரில் நடந்தது. அது எங்கள் கரைக்கு மாரிகாலம். அந்தப் பரீட்சை வெள்ளத்தால் நடுவில் நிறுத்தப்பட்டு டிசம்பர் 4 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் உறையில் வையுங்கள். நிலையத்துக்குப் போக இரண்டாவது வழி ஒன்றை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். முடிந்தால் பரீட்சை நாட்களில் நிலையத்துக்குக் கிட்டவுள்ள உறவினர் வீட்டில் தங்க வையுங்கள்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாதைப் படகுக்குக் காத்திருந்து பட்டணம் வந்தார்கள். 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர்ப் பிள்ளைகள் பல ஆண்டுகள் முகாம்களில் இருந்து படித்தார்கள். பாலம் வந்துவிட்டது, ஊரும் ஓரளவு திரும்பிவிட்டது. விஞ்ஞான ஆசிரியர்களும் ஆய்வுகூட வசதியும் பட்டணத்தோடு நின்றுவிடாமல் அந்தப் பாலத்தைக் கடக்க வேண்டும். அதை வலயக் கல்வி அலுவலகத்திடமும் மாகாணத்திடமும் கேட்டுக்கொண்டே இருப்பது பெற்றோரின், பழைய மாணவரின் வேலை. அதுவரை பிள்ளை காத்திருக்கத் தேவையில்லை. இன்று ஒரு வினாத்தாளை எடுத்து, 18 நிமிடம் வைத்து, முதல் அமைப்புக் கட்டுரை வினாவை எழுதச் சொல்லுங்கள்.