மொரீசியசுத் தீவும் தமிழும்

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தைக் கண்டவரும், பாகூர்க் கரும்பு வயல்களின் வழியே நடந்தவரும் மொரீசியசுத் தீவை அடைந்தால், அதனை அயல்நாடு என்று எளிதிற் கருதார். இந்துமாக்கடலில் உள்ள அந்நாட்டிலும் கரும்பு தழைக்கின்றது; தைப்பூசத்தன்று காவடி அசைகின்றது.

இவ்வுறவு நெடுநாளையது. 1735இல் ஆளுநராக வந்த லபூர்தொனே என்னும் பிரெஞ்சுக்காரர் போர்ட் லூயி துறைமுகத்தை அமைத்தபோது, புதுச்சேரிப் பகுதியிலிருந்து கைவினைஞர் பலர் அங்குச் சென்றனர். 1810இல் தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்களும் பிரெஞ்சுக் குடிகளும் பகை மறந்து கூடுதற்பொருட்டு, 1812இல் அந்நகரில் குதிரைப் பந்தயம் தொடங்கப்பெற்றது. 1834 முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகள் பெருந்தொகையினராய் வந்தனர். அவர்தம் வியர்வையால் சருக்கரை வாணிகம் செழித்தது. 1968இல் நாடு விடுதலை பெற்றது. பின்னர் ஆடைத் தொழிலும் சுற்றுலாவும் வளர்ந்தன.

தலைமுறைகள் பல கழிந்தமையால், அங்குள்ள தமிழருட் பெரும்பாலோர் கிரியோல் மொழியையே பேசுகின்றனர். ஆயினும் தமிழை அவர்கள் கைவிட்டிலர். அந்நாட்டுப் பணத்தாளில் ஆங்கிலத்தை அடுத்துத் தமிழ் இடம்பெற்றிருந்தது. 1998இல் வெளியான புதிய தாள்களில் அது மூன்றாம் இடத்திற்குத் தள்ளப்பட்டது. தமிழர் ஒன்றுகூடிக் கிளர்ந்தனர். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. தமிழ் மீண்டும் தன் இடத்தைப் பெற்றது.

நாவில் அருகிய மொழியை அவர்கள் நெஞ்சில் வைத்துக் காத்தனர். நாள்தோறும் தமிழ் பேசும் நாம் அதனைப் பிழையின்றி எழுதவேனும் முயல்கின்றோமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.