மழையில் மறையும் வண்டிகள்

உள்ளே மீட்டர் பளிச்சென்று எரிகிறது. வெளியே வண்டி இருப்பதே தெரியவில்லை. டேஷ்போர்டை நம்பும் ஓட்டுநர்களால் மழைக்காலச் சாலையில் ஆபத்து.

ஜூலை மாதத்துப் பிற்பகல். மணி மூன்றுதான் என்றாலும் டிராம்பே மலையை மேகம் மூடிக்கொண்டால் பொழுது சாய்ந்துவிட்டதுபோல் ஆகிவிடுகிறது. மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து புறப்பட்ட டேங்கர் லாரிகள் வரிசையாக ஊர்கின்றன. சீட்டா கேம்ப் பக்கம் ஆட்டோக்கள் திரும்புகின்றன. குடையைச் சாய்த்துப் பிடித்தபடி பெண்கள் சயான்-டிராம்பே சாலையைக் கடக்கக் காத்திருக்கிறார்கள். மழை அடித்து ஊற்றத் தொடங்கியதும் சில வண்டிகளில் ஹெட்லைட் எரிகிறது. பல வண்டிகளில் எரிவதில்லை. சாம்பல் நிற மழையில் சாம்பல் நிறக் கார் ஒன்று வந்தால், அருகில் வரும்வரை அது இருப்பதே தெரிவதில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் 2,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டுகிறது. நான்கு மாதம் மழையில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள்கூட பகலில் விளக்கைப் போடத் தயங்குவது ஏன்? ‘எனக்குத்தான் பாதை தெரிகிறதே’ என்ற எண்ணம் முதல் காரணம். பகல் மழையில் விளக்கு எரிய வேண்டியதே மற்றவர்களுக்காகத்தான் என்பது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. சாலையைக் கடப்பவர் அதை ஒரு விநாடி முன்னதாகப் பார்த்தால் 17 மீட்டர் அவகாசம் கிடைக்கிறது.

இரண்டாவது காரணம் பலர் யோசித்திராதது: டேஷ்போர்டு. பல கார்களில் ஹெட்லைட் சுவிட்சைத் திருகியவுடன் மீட்டர், கடிகாரம், ஸ்டீரியோ எல்லாம் மங்கிவிடுகின்றன. இது கோளாறு இல்லை. இரவுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. இருட்டுக்குப் பழகிய கண்ணில் உள்ளிருந்து அதிக வெளிச்சம் பட்டால் வெளியே இருப்பது தெரியாது. விளக்கைப் போட்டாலே இரவு என்று கார் முடிவு செய்துகொள்கிறது.

ஆனால் பிற்பகல் மூன்று மணி மழையில் கண் இருட்டுக்குப் பழகியிருப்பதில்லை. மங்கிய எண்களைப் படிக்க முடியாமல் ஓட்டுநர் எரிச்சலடைகிறார். ‘ஏதோ பழுது’ என்று சிலர் பயப்படுகிறார்கள். விளைவு: ஹெட்லைட்டை அணைத்துவிடுகிறார்கள். மீட்டர் மறுபடி பளிச்சிடுகிறது, கார் மற்றவர்கள் பார்வையிலிருந்து மறைகிறது. இதற்குத் தீர்வு விரல் நுனியில் இருக்கிறது. பல கார்களில் டேஷ்போர்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சிறு சக்கரமோ பொத்தானோ உண்டு. அதைக் கடைசிவரை உயர்த்தினால், விளக்கு எரியும்போதும் மீட்டர் மங்காதபடி சில கார்களில் வைத்திருக்கிறார்கள். வண்டியோடு வரும் கையேட்டில் இது இருக்கும். அதைப் புரட்டிப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

புதிய கார்களில் ஏமாற்றம் வேறு விதம். பழைய அம்பாசடரிலும் பிரிமியர் பத்மினியிலும் விளக்கைப் போடாவிட்டால் மீட்டரும் இருட்டாக இருக்கும். மாலை மயங்கியதும் மீட்டர் தெரியவில்லை என்றே ஓட்டுநர் விளக்கைப் போட்டுவிடுவார். இன்று சாவியைத் திருகியதும் டேஷ்போர்டு முழுக்க எரிகிறது. முன்புறம் பகல் விளக்குகளும் தாமாகவே எரிகின்றன. எல்லாம் எரிவதாக ஓட்டுநர் நம்புகிறார். ஆனால் பல கார்களில் பகல் விளக்கு முன்பக்கம் மட்டுமே. பின்னால் டெயில் லைட் இருண்டு கிடக்கிறது. பின்னே வரும் டேங்கர் ஓட்டுநருக்குத் தெரிவது வெறும் நீர்த்திரைதான். இந்தத் தொல்லையைத் தீர்க்க கனடா 2021 செப்டம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. புதிய வண்டிகளில் டெயில் லைட்டும் பகல் விளக்கோடு எரிய வேண்டும், அல்லது இருட்டியதும் எல்லா விளக்குகளும் தாமாக எரிய வேண்டும், அல்லது விளக்கைப் போடும்வரை டேஷ்போர்டு இருட்டாகவே இருக்க வேண்டும். மூன்றாவது வழி பழைய பத்மினியின் வழிதான்.

தானியங்கி ஹெட்லைட் இருக்கிறதே என்று நிம்மதி அடைவதற்கும் இல்லை. அதன் சென்சார் பொதுவாக வெளிச்சத்தை அளக்கிறது, மழையை அளப்பதில்லை. கிழக்கு ஃப்ரீவேயில் செம்பூரை நெருங்கும்போது மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வருகிறது. உள்ளே நுழைந்ததும் விளக்குகள் எரிகின்றன. வெளியே வந்து பகல் வெளிச்சம் பட்டதும், கொட்டுகிற மழையிலும் அவை அணைந்துவிடலாம். வைப்பரோடு விளக்கையும் இணைத்த கார்களும் உண்டு. இல்லாதவற்றில் கைதான் வேலை செய்ய வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் வைப்பர் ஓடினால் விளக்கு எரிய வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கின்றன.

இந்தியச் சட்டமும் இதைச் சொல்லாமல் இல்லை. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இரவில் மட்டுமல்ல, போதிய வெளிச்சம் இல்லாத எந்த நேரத்திலும் விளக்கு எரிய வேண்டும். 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிகிறது. ஆரம்பத்தில் ‘தம்பி, லைட் எரியுது’ என்று வழியெல்லாம் சைகை காட்டியவர்கள் இப்போது பழகிவிட்டார்கள்.

பேட்டரி தீர்ந்துவிடும் என்ற அச்சமும் பழைய காலத்து மிச்சம். டைனமோ பொருத்திய கார்கள் சிக்னலில் நிற்கும்போது போதிய மின்சாரம் தராது. விளக்கும் வைப்பரும் பேட்டரியைக் குடிக்கும். ஆல்டர்னேட்டர் வந்தபின் அந்தக் கவலை பெரிதும் நீங்கிவிட்டது. விளக்கு, வைப்பர் இரண்டையும் போட்டதும் மீட்டரோடு ஹெட்லைட்டும் சேர்ந்து மங்கினால் மட்டுமே அது உண்மையான கோளாறு. தளர்ந்த பெல்ட், பச்சை பூத்த பேட்டரி முனை, துருப்பிடித்த எர்த் வயர் ஆகியவற்றை எலக்ட்ரீஷியன் முதலில் பார்ப்பார். கடற்கழியை ஒட்டிய டிராம்பேயின் உப்புக்காற்றில் இந்தச் சோதனையை மே மாதமே முடித்துவிடுவது நல்லது.

விளக்கைப் போடுவதிலும் முறை உண்டு. ஹை பீம் கூடாது. மழைத்துளிகளில் பட்டு ஒளி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பும். லோ பீம் போதும். நான்கு இண்டிகேட்டர்களையும் சிமிட்டவிட்டபடி ஓடுவதும் தவறு. வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று பின்னால் வருபவருக்குப் புரியாது.

டிராம்பேயில் இதை அலட்சியப்படுத்துவதன் விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் காருக்கு வெளியே இருப்பவர்கள். 1976-ல் ஜனதா காலனியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட மக்களால் உருவானது சீட்டா கேம்ப். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த அந்தப் பகுதியிலிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களில் பலர் நடந்து சாலையைக் கடப்பவர்கள். குடை பாதிப் பார்வையை மறைக்கிறது. மழை இரைச்சலில் எஞ்சின் சத்தம் கேட்பதில்லை. வண்டி வருகிறது என்று அவர்களுக்குச் சொல்ல மிஞ்சியிருப்பது இரண்டு விளக்குகள்தான்.

வைப்பரைப் போடும் கை அடுத்து ஹெட்லைட் சுவிட்சுக்குப் போக வேண்டும். மீட்டர் மங்கினால் மங்கட்டும்.