அகதி முகாமிலிருந்து பின்வரிசைக்கு: அல்போன்சோ டேவிஸ்



பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணி ஒன்றில் சில ஆண்டுகளாக உதவியாளனாக நிற்கிறேன். மைதான ஓரத்தில் நமது பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "இதிலை எதிர்காலம் இருக்குதோ? இல்லாட்டில் காசும் போய்ப் படிப்பும் கெட்டுப் போகுமோ?" ஒரு சொல்லில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே இம்மாத உரையில் ஒரு விளையாட்டு வீரரின் கதையை எடுத்துக்கொள்கிறேன். நாம் வாழும் இந்தக் கனடாவில் வளர்ந்து, ஜேர்மனியின் பயேர்ன் மியூனிக் கழகத்தின் தடுப்பாட்டக்காரராக உலகப் புகழ் பெற்ற அல்போன்சோ டேவிஸ்தான் அவர்.

லைபீரியாவில் நடந்த உள்நாட்டு யுத்தத்துக்குத் தப்பி, அவருடைய பெற்றோர் கானா நாட்டின் புடுபுரம் அகதி முகாமில் தஞ்சம் புகுந்தார்கள். 2000 நவம்பர் 2 ஆம் திகதி அங்கேதான் அவர் பிறந்தார். தண்ணீருக்கும் உணவுக்கும் வரிசையில் நிற்கும் முகாம் வாழ்க்கை எப்படியிருக்கும் என்று மண்டபத்தில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2005 இல் அந்தக் குடும்பம் கனடா வந்தது. முதலில் வின்ட்சர், பிறகு எட்மன்டன். தாயும் தகப்பனும் வேலைக்குப் போக, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பாயிற்று. நமது வீடுகள் பலவற்றில் நடந்த கதைதான் இது.

இங்கே முதலாவது விடயத்தைக் கவனியுங்கள். கழகத்துக்குப் பணம் கட்டிச் சேர்க்க வசதியில்லாத வீடு அது. எட்மன்டனில் அப்போது 'ஃப்ரீ ஃபுட்டி' என்றொரு இலவசத் திட்டம் பாடசாலை முடிந்த நேரங்களில் நடந்துவந்தது. சந்தா, சப்பாத்து, போக்குவரத்து ஆகிய மூன்றுக்கும் வழியில்லாத பிள்ளைகளுக்காகவே தொடங்கப்பட்ட திட்டம் அது. டேவிஸ் அங்கேதான் விளையாடத் தொடங்கினார். பிறகு உதைபந்தாட்டப் பயிற்சியும் பாடங்களும் ஒன்றாக நடக்கும் செயின்ட் நிக்கலஸ் பாடசாலையில் சேர்ந்தார். இப்படியான உதவிகள் பல நகரங்களில் உண்டு. கேட்பதற்கு வெட்கப்பட்டு நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். சந்தாவைத் தவணையாகக் கட்டலாமா, சலுகை இருக்கிறதா என்று கேட்பதால் யாருடைய மரியாதையும் குறைந்துவிடாது.

இரண்டாவது, வீட்டைவிட்டுப் போகும் கட்டம். 14 வயதில் வன்கூவர் வைட்கெப்ஸ் கழகத்தின் பயிற்சி நிலையம் அவரை அழைத்தது. இந்த வயதில் பிள்ளையைத் தனியே அனுப்புவதா என்று தாயார் முதலில் தயங்கினார். அனுப்பியபின் முன்னேற்றம் வேகமாக வந்தது. 2016 ஜூலையில், 15 வயதில், எம்.எல்.எஸ். போட்டியில் இறங்கினார். 2017 ஜூன் 6 ஆம் திகதி கனடியக் குடியுரிமை கிடைத்தது. ஜூன் 13 ஆம் திகதி, 16 வயதில், கனடாவுக்காக விளையாடினார். வந்து சேர்ந்து 12 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பத்திரம், ஒரே வாரத்தில் தேசிய அணியின் கதவைத் திறந்தது. பத்திரங்களின் பெறுமதி நமக்குத் தெரியாததல்ல.

2018 இல் பயேர்ன் மியூனிக் அவரை வாங்க உடன்பட்டது. மேலதிகக் கொடுப்பனவுகளையும் சேர்த்து 22 மில்லியன் அமெரிக்க டொலர் வரை போகக்கூடிய ஒப்பந்தம் அது. 2019 ஜனவரியில் அங்கே போனவர் முதன்மை அணியில் உடனே நிரந்தர இடம் பெறவில்லை. அவ்வப்போது இரண்டாம் அணிக்கும் ஆடினார்.

மூன்றாவது விடயம் பலருக்குத் தெரியாது. அவர் தடுப்பாட்டக்காரராக வளர்ந்தவரே அல்லர். ஓரத்தால் ஓடிக் கோல் அடிக்கும் முன்வரிசை வீரராகத்தான் வாங்கப்பட்டார். 2019 ஒக்டோபரில் பின்வரிசையில் சூலேயும் ஹெர்னாண்டஸும் காயமடைய, இடது பக்கத்தில் நின்ற அலபா நடுவுக்கு நகர்ந்தார். வெறுமையான அந்த இடது பின்வரிசையில் டேவிஸ் நிறுத்தப்பட்டார். அந்த இடத்துக்கு இரண்டு வேலை: எதிரணியின் ஓர வீரரை மறிக்க வேண்டும், பந்து நம்மிடம் வந்ததும் முன்னே ஏறித் தாக்குதலுக்கு உதவ வேண்டும். ஏறிப் போனவர் திரும்பி வரத் தாமதித்தால் பின்னால் வாசல் திறந்துவிடும். டேவிஸின் வேகம் அந்த வாசலை அடைத்தது. 2020 ஜூனில் மணிக்கு 36.51 கிலோமீற்றர் வேகம் அவருக்குப் பதிவானது. அதே ஆண்டு ஓகஸ்டில் பார்சலோனாவை 8-2 என்று வென்ற ஆட்டத்தில், இடது ஓரத்தால் எதிராளிகளைக் கடந்துபோய்க் கிம்மிக்குக்கு அவர் கொடுத்த பந்தை இரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். அந்தச் சம்பியன்ஸ் லீக் கிண்ணமும் பயேர்னுக்கே கிடைத்தது.

"என்ரை பிள்ளையைப் பின்னுக்கு விட்டிட்டாங்கள்" என்று பயிற்சியாளருடன் சண்டைக்குப் போகும் அப்பாமாருக்காகவே இதை விரிவாகச் சொன்னேன். பின்னுக்கு விடுவது தண்டனையல்ல.

நான்காவது, உடம்பு. 2022 ஜனவரியில், கொரோனாத் தொற்றுக்குப் பிறகு அவருடைய இதயத் தசையில் அழற்சி கண்டுபிடிக்கப்பட்டது. ஏப்ரல் வரை விளையாட முடியவில்லை. அதே ஆண்டு நவம்பரில், 36 ஆண்டுகளுக்குப் பிறகு கனடா ஆண்கள் அணி உலகக் கிண்ணத்துக்குப் போனது. பெல்ஜியத்துக்கு எதிராக அவர் அடித்த தண்டனை உதையைக் கோல்காப்பாளர் தடுத்துவிட்டார். நான்கு நாட்களின் பின், குரோவேஷியாவுக்கு எதிராக, ஆண்கள் உலகக் கிண்ணத்தில் கனடாவின் முதலாவது கோலைத் தலையால் அடித்தவரும் அவரே. 2025 மார்ச்சில் கனடாவுக்காக ஆடும்போது முழங்கால் சவ்வு கிழிந்து நீண்ட காலம் வெளியே இருக்க நேர்ந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் 2030 வரை பயேர்னுடன் ஒப்பந்தம் நீடித்திருந்தது. ஒப்பந்தம் உள்ளவருக்குக் காயம் ஒரு தடை. ஒப்பந்தமில்லாத 18 வயதுப் பிள்ளைக்கு அதே காயம் முடிவாகவே போகலாம். அதனால்தான் படிப்பைக் கைவிட வேண்டாம் என்கிறேன்.

இனிக் கேள்விக்கு வருவோம். நம் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் டேவிஸ் ஆகப் போவதில்லை. இதை மறைத்துப் பேசுவது நன்றல்ல. ஆனால் நேரத்துக்கு எழும்புவதும், தோற்றாலும் அடுத்த கிழமை திரும்பி வருவதும், வேறு நாட்டுப் பிள்ளைகளோடு ஒரே அணியாய் நிற்பதும் ஒருவருக்கும் வீண்போகாது. மகன்மாருக்கு மட்டுமல்ல, மகள்மாருக்கும்தான். மைதானத்துக்கு அனுப்புங்கள், பாடப் புத்தகத்தையும் பையில் வைத்து அனுப்புங்கள்.

டேவிஸ் தன் பிறப்பிடத்தை மறைக்கவில்லை. 2018 இல், 17 வயதில், பீபா மாநாட்டு மேடையில் ஏறி, அகதி முகாமில் பிறந்ததைச் சொல்லி 2026 உலகக் கிண்ணத்தை வட அமெரிக்காவுக்குத் தரும்படி கேட்டார். 2021 இல் ஐ.நா. அகதிகள் அமைப்பின் நல்லெண்ணத் தூதுவரானார். நாங்கள் எங்கிருந்து, எப்படி வந்தோம் என்பதை நமது பிள்ளைகளும் தலைகுனியாமல் சொல்லப் பழக வேண்டும். அதற்கு முதலில் நாம் அவர்களுக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.